'திக்கற்ற பார்வதி'யின் ஊர்: ஓசூர் அருகே ஒரு வீணைக் கலைஞர் பாட்டில் வைத்துவிட்டுப் போன கதை!

காலை 7 மணி. ஓசூர் பேருந்து நிலையம். ஒரு பக்கம் 'பெங்களூரு... பெங்களூரு...' என்று கூவும் நடத்துநர். இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பேருந்துகள். டீக்கடையில் ஒருவர் தெலுங்கில் டீ கேட்கிறார், கடைக்காரர் தமிழில் சில்லறை கேட்கிறார், பக்கத்தில் நிற்பவர் கன்னடத்தில் போன் பேசிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் எதுவும் புரியாமல் போவதில்லை. இதுதான் ஓசூர்!

வெளியூர்க்காரர்களுக்கு ஓசூர் என்றால் சிப்காட், ஷிஃப்ட், கம்பெனி பஸ். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று இங்கிருந்து உருவாகிப் போகாத பொருள் குறைவு. ரோஜாப்பூ விமானம் ஏறுவதும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துதான். ஆனால், இதே ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்துக்குத் தமிழ் சினிமாவில் தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நாவல் அந்தக் கிராமத்துக்கே வந்து படமானது. அதற்கு இசையமைத்தவர், கச்சேரி மேடைகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு வீணைக் கலைஞர்.

ஊரின் பெயர் தொரப்பள்ளி. நாவலும் படமும், 'திக்கற்ற பார்வதி'. இசை, வீணை சிட்டிபாபு.

முன்சீப் வீட்டுப் பையன்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய், பிரதான சாலையைவிட்டு விலகினால் தொரப்பள்ளி அக்ரஹாரம். தென்பெண்ணையாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. நெடுஞ்சாலையின் இரைச்சல் மெல்ல அடங்கி, வயலும் தென்னையும் கண்ணில் படும்போது ஊர் வந்துவிடுகிறது.

1878 டிசம்பர் 10-ம் தேதி இங்கேதான் ராஜாஜி பிறந்தார். அப்பா சக்கரவர்த்தி வெங்கடார்யன், ஊர் முன்சீப். பையன் ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, சட்டம், சேலத்தில் வக்கீல் தொழில் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் நாற்காலி வரை போனார். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர்தான்.

அவர் பிறந்த வீடு இன்று அரசு பராமரிக்கும் நினைவு இல்லம். பெரிய மாளிகை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். எளிமையான கிராமத்து வீடு. சுவர்களில் புகைப்படங்கள். அரை மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம்.

அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு வந்ததும் மனதுக்குள் ஒரு கேள்வி எழும். அக்ரஹாரத்தில் பிறந்து, பெரிய பதவிகளில் இருந்த ஒருவர், குடிகாரக் கணவனிடம் சிக்கிக்கொண்ட ஓர் ஏழைப்பெண்ணின் கதையை ஏன் எழுதினார்?

எழுத்தும் சட்டமும்

ராஜாஜிக்கு மதுவிலக்கு வெறும் அரசியல் கோஷமாக இருக்கவில்லை. 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர், பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி!

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (அன்று முதலமைச்சருக்கு அதுதான் பெயர்), அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டம் சேலம். இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாமே அன்றைய சேலம் மாவட்டம்தான். அதாவது, தன் சொந்த மண்ணிலிருந்தே ஆரம்பித்தார்.

கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இன்று நாம் கடையில் வாங்கும் பொருளுக்குக் கட்டும் வரியின் பூர்வகதை தேடினால், அதிலும் மதுவிலக்கு வந்து நிற்கிறது.

'திக்கற்ற பார்வதி' கதையும் இந்த எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். கருப்பனும் பார்வதியும் கிராமத்துத் தம்பதி. சந்தோஷமாக ஆரம்பிக்கும் குடித்தனம். கருப்பனைக் குடி பிடித்துக்கொள்கிறது. பின்னாலேயே கடன் வருகிறது. கடன் வந்த வீட்டில் பெண்ணுக்குப் பாதுகாப்பு போகிறது. வீட்டுப் பிரச்னை ஊர்ப் பிரச்னையாகிறது. தப்பு செய்தவர்களைவிட, தவித்து நின்ற பார்வதிதான் அதிகமாகத் தண்டிக்கப்படுகிறாள். கடைசியில், தலைப்பில் இருப்பதுபோலவே திக்கற்றுப் போகிறாள்.

கதை இவ்வளவுதான். ஆனால், இதைப் படிக்கும்போது எங்கோ கேட்ட கதைபோல இருக்காது, பக்கத்து வீட்டுக் கதைபோல இருக்கும்.

கிராமத்துக்கே வந்த கேமரா

1971-ல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. கடைகளைத் திறக்க வேண்டாம் என்று 92 வயது ராஜாஜி, அன்றைய முதல்வர் கருணாநிதியை நேரில் சந்தித்துக் கேட்டுக்கொண்டது இன்றும் பேசப்படும் சம்பவம். கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25-ம் தேதி ராஜாஜி மறைந்தார்.

அதற்குப் பிறகு, 1974-ல் திரைக்கு வந்தது 'திக்கற்ற பார்வதி'. இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ். 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' என்று நாம் வாய்விட்டுச் சிரித்த படங்களைத் தந்தவரின் முதல் தமிழ்ப் படம் இவ்வளவு கனமானது என்றால் நம்ப முடிகிறதா? வசனமே இல்லாத 'பேசும் படம்' எடுக்க, பின்னாளில் அவர் ஓசூரைத் தாண்டி பெங்களூருக்குத்தான் கேமராவோடு போனார்.

கருப்பனாக ஸ்ரீகாந்த், பார்வதியாக லட்சுமி. செட் போடவில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே படப்பிடிப்பு. சென்னை ஸ்டூடியோக்களில் கிராமத்தைச் செய்து வைத்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்து கிராமத்தை நிஜமாகக் காட்டியது என்று கொண்டாடுகிறோமே, அது 1977-ல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஓசூர்ப் பக்கத்து மண்ணும் வெயிலும் திரையில் வந்துவிட்டன. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

மேடைக்காரருக்கு இங்கே என்ன வேலை?

இப்படி ஒரு படத்துக்கு யார் இசையமைப்பது? அன்று உச்சத்தில் இருந்த எந்தச் சினிமா இசையமைப்பாளரையும் நாடாமல், சிங்கீதம் போய் நின்றது சிட்டிபாபுவிடம்.

காக்கிநாடாவில் 1936-ல் பிறந்தவர் சிட்டிபாபு. ஈமணி சங்கர சாஸ்திரியின் சீடர். சிறுவயதில் குழந்தை நட்சத்திரமாகத் தெலுங்குத் திரையில் முகம் காட்டியவர், நடிப்பை விட்டுவிட்டு வீணையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீணையில் குயில் கூவும். மனிதக் குரல்போலப் பாடும். மைசூர் மகாராஜாவிடம் 'வைணிக சிகாமணி' பட்டம் பெற்றவர். ஸ்ரீதர் இயக்கிய 'கலைக்கோவில்' (1964) படத்தில் கதாநாயகன் ஒரு வீணை வித்வான். திரையில் வாசித்தது முத்துராமன் என்றால், நாம் கேட்ட நாதம் சிட்டிபாபுவுடையது.

இசைக் கலைஞர்கள் இலக்கியத்திலிருந்து வந்த படங்களில் நுழைவது புதிதல்ல. பிரேம்சந்தின் நாவலிலிருந்து உருவான 'சேவாசதனம்' (1938) படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்துப் பாடினார். வயதான கணவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் வேதனையை அந்தக் குரல் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. கடல் தாண்டி அயர்லாந்திலும் ஓர் உதாரணம் உண்டு. ராடி டாயில் எழுதிய 'தி கமிட்மென்ட்ஸ்' நாவலை 1991-ல் ஆலன் பார்க்கர் படமாக்கியபோது, வாசிக்கவும் பாடவும் தெரிந்தவர்களைத் தேடி நடிக்கவைத்தார். டப்ளின் தெருக்களில் கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்த கிளென் ஹான்சார்ட் அப்படித்தான் உள்ளே வந்தார். 2008-ல் 'ஒன்ஸ்' படப் பாடலுக்காக ஆஸ்கர் விருதே வாங்கிவிட்டார்!

அவர்கள் எல்லாம் கேமரா முன்னால் நின்றார்கள். சிட்டிபாபு தொரப்பள்ளிப் படத்தில் திரையில் தோன்றவில்லை. ஆனால், அதில் அவருக்கும் ஒரு பாத்திரம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்து சொல்ல முடியாத பார்வதியின் மனசாக அவர் இசை நின்றது.

பாட்டில் பார்வதி

படத்துக்குப் பாடல் எழுதியவர் கண்ணதாசன். தன் குடிப்பழக்கத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்த கவிஞர், குடியால் அழிந்த குடும்பத்தின் கதைக்குப் பாட்டு எழுதினார். தெரிந்தவர் எழுதினால்தானே வலி சரியாக வரும்!

பாடியவர் வாணி ஜெயராம். வேலூரில் பிறந்து, இந்தியில் 'குட்டி' படத்தால் புகழ்பெற்று, தமிழில் அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்தார். 'மல்லிகை' பாடல் அவரைத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே 1974-ல்தான்.

பார்வதிக்காக அவர் பாடியதில் ஒரு பாடல், மனம் நிறைந்த பெண்ணின் பாடல். புதுக்குடித்தனத்தின் பூரிப்பு அதில் இருக்கும். இன்னொன்று, நான் செய்த தப்புதான் என்ன என்று உடைந்து நிற்பவளின் பாடல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முழுப் படத்தையும் பார்த்ததுபோல் ஆகிவிடும். ஒரே பெண், ஒரே குரல். நடுவில் வந்தது குடி மட்டும்தான்.

கவனித்தால் இன்னொரு விஷயமும் புரியும். இயக்குநரின் தாய்மொழி தெலுங்கு. இசையமைப்பாளரின் தாய்மொழி தெலுங்கு. கவிஞர் செட்டிநாட்டுத் தமிழர். நாவல் எழுதியவர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஓசூர் மண்ணில் பிறந்தவர். எல்லையில் இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டணி அமையுமா?

எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம்

படம் வந்த காலத்திலேயே காட்சி மாறியது. கள்ளுக்கடைகள் 1973-லும் சாராயக்கடைகள் 1974-லும் மூடப்பட்டன. 1981-ல் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. 2023-24-ல் மட்டும் மது மூலம் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

ஓசூருக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகாவின் அத்திப்பள்ளி. இங்கே கடையை மூடினால் அங்கே திறந்திருக்கும். கொரோனா ஊரடங்கில் அதைத்தான் பார்த்தோம். அந்தப் பக்கத்திலிருந்து பாக்கெட் மது கடத்தி வந்தவர்களைப் போலீஸ் பிடித்த செய்தி அப்போது அடிக்கடி வந்தது. சேலம் மாவட்டத்தில் மட்டும் முதலில் மதுவிலக்கு கொண்டுவந்த ராஜாஜிக்கும், எல்லைக்கு அப்பால் இருந்த மைசூர் சமஸ்தானம் இதே தலைவலியாகத்தான் இருந்திருக்கும்.

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதும் சுலபமான கேள்வியில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே கதறிய மனைவிகளும் பிள்ளைகளும் டி.வி-யில் வந்தபோது, பார்வதியின் முகம் நினைவுக்கு வராமல் இருக்காது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அடி விழுவது அவள் மேல்தான்.

பார்வதிக்கு இல்லாத ஒன்று

ஆனால், ஓசூரில் மாறாதது மட்டும்தான் இருக்கிறதா? இல்லை.

பார்வதியின் கதையைத் திரும்ப யோசித்தால், அவளுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. தன் பெயரில் ஒரு வருமானம். கணவன் சம்பாதித்தால் சாப்பாடு, அவன் குடித்தால் பட்டினி, அவன் கடன் வாங்கினால் இவள் தலைகுனிய வேண்டும். வீட்டைவிட்டு வெளியே வந்து நிற்க அவளுக்கு இடமே இருக்கவில்லை.

படம் எடுத்தபோது இந்தப் பகுதியின் பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் வரவில்லை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ் மோட்டாரும் 1980-ஐ ஒட்டித்தான் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. டைட்டன் அதற்கும் பிறகு. இன்று ஓசூரின் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் போச்சம்பள்ளி பக்கத்து மின்சார ஸ்கூட்டர் ஆலையிலும் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தருமபுரி, சேலம் கிராமங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே போகும் அந்தப் பெண்களின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. மாதம் பிறந்தால் அதில் சம்பளம் விழுகிறது.

அந்தப் பணம் தங்கையின் படிப்புக்குப் போகிறதா, அப்பாவின் பாட்டிலுக்குப் போகிறதா, அவளுக்கென்று ஏதாவது மிஞ்சுகிறதா என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு கதை. ஹாஸ்டல் வாழ்க்கை, நின்றபடியே வேலை, நிரந்தரம் இல்லாத ஒப்பந்தம் என்று கஷ்டங்களும் உண்டு. ஆனாலும், வீட்டுக்கு வெளியே காலை ஊன்ற ஓர் இடம் இருக்கிறது. பார்வதிக்கு அது கிடைத்திருந்தால், ராஜாஜி கதைக்கு வேறு தலைப்பு வைத்திருக்க வேண்டியிருக்கும்.

நீங்களும் போகலாம்!

ஓசூர் வரை பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். சேலம் வழியாக ரயிலிலும் வரலாம். ஓசூரிலிருந்து தொரப்பள்ளிக்குப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் நினைவு இல்லத்தின் வாசல். குழந்தைகளோடு போனால் ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். கெலவரப்பள்ளி அணைக்கும் போகலாம். ஆனால், பெங்களூருவின் கழிவுநீரால் அங்கே சில நாள் நுரை பொங்கிக் கிடக்கும். வேடிக்கை பார்க்கலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம்.

நினைவு இல்லத்தில் சாக்லேட் ஹீரோக்களின் ஷூட்டிங் ஸ்பாட்போல போட்டோ எடுத்துக்கொள்ள பெரிதாக எதுவும் இல்லை. 'இங்கேதான் திக்கற்ற பார்வதி எடுத்தார்கள்' என்று கைகாட்ட ஆள் கிடைப்பதும் கடினம். ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கண்ணதாசன் இல்லை. சிட்டிபாபு 1996-ல் போய்விட்டார். வாணி ஜெயராம் 2023-ல் மறைந்தார்.

பாட்டுகள் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் கிடைக்கும். தொரப்பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் போனில் அந்த இரண்டு பாடல்களையும் கேட்டுப் பாருங்கள். பூரிப்பான பாடல் முடிந்து, உடைந்துபோன பாடல் ஆரம்பிக்கும் நேரத்தில் நெடுஞ்சாலை வந்துவிடும். சிக்னலில் ஒரு கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நிற்கும். ஜன்னலோரம் ஒரு பெண், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, காதில் இயர்போனோடு எதையோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குப் பார்வதியைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவளுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் பெரியவர் அந்தக் கதையை எழுதினார்.